மிருதங்க மாணவர்களின் தாளப் பெட்டியோடு பன்னிரண்டு வாரம்: ஓட்டப் பயிற்சிக்கு ஒரு மெட்ரோனோம் மதிப்புரை

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, முதுகில் கிளிப் உள்ள ஒரு மின்னணு மெட்ரோனோமை, அதாவது நாம் வைக்கும் வேகத்தில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியைப் பற்றிய மதிப்புரை இது. பாட்டும் மிருதங்கமும் கிட்டாரும் கற்கும் பிள்ளைகளுக்காக விற்கப்படும் இந்தக் கருவியை, பெங்களூர் அல்சூரில் மிருதங்கத்துக்கு வார் பிடித்துத் தரும் ஒரு சிறிய கடையில் ஜூன் முதல் வாரம் 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானுக்காக நான் ஜூன் முதல் ஆகஸ்ட் இறுதி வரை பன்னிரண்டு வாரம் அடித்தளப் பயிற்சி, அதாவது மெல்ல ஓடித் தூரத்தைச் சேர்க்கும் பயிற்சி செய்தேன். அந்தக் காலம் முழுவதும் வாரத்தில் மூன்று நாள் இதை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் என்று சொல்லும் எண்ணிக்கையை, அதாவது ஒரு நிமிடத்தில் இரு கால்களும் சேர்ந்து எத்தனை அடி வைக்கின்றன என்பதை, நாடித் துடிப்பை ஏற்றாமல் மெல்ல ஓடும்போதே கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்பதுதான் என் தேவையாக இருந்தது.

கடைப் பெரியவர் "பாட்டுக்கா சார், மிருதங்கத்துக்கா?" என்று கேட்டார். காலையில் ஓடுவதற்கு என்று சொன்னேன். "எங்ககிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாம் ஓடாம இருக்கறதுக்குத்தான் இத வாங்குது" என்றார். கச்சேரியில் வேகம் கூடிக்கொண்டே போனால் 'காலப்பிரமாணம் ஓடுகிறது' என்பார்கள். அதைத்தான் அவர் சொன்னார். எனக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஓடாமல் இருப்பதே என்று எனக்கு வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. எடுத்த காலப்பிரமாணத்தைக் கடைசி வரை கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் பாட்டுக்காரருக்கு எவ்வளவு தேவையோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருக்கப்போகிற ஓட்டக்காரருக்கும் அவ்வளவு தேவை.

இதை வாங்கக் காரணம் வலது முட்டி. சென்ற ஆண்டு பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டும்போதெல்லாம் முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு மந்தமான வலி வரும். நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து எடுத்துத் தந்த காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். என் பாதம் உடம்புக்கு அடியில் விழவில்லை. முட்டிக்கும் முன்னால் எட்டிப் போய், குதிகால் குத்தி, கால் ஏறக்குறைய நேராக நின்ற நிலையில் விழுந்தது. ஒவ்வோர் அடியிலும் பிரேக் போட்டுக்கொண்டு ஓடுவதற்கு ஒப்பான நிலை அது. கைக்கடிகாரம் என் எளிய ஓட்டத்தின் கேடன்ஸை 156 என்று காட்டியது. கடிகாரம் கை வீச்சை வைத்துத்தான் கணக்கிடுகிறது என்பதால் நானே எண்ணியும் பார்த்தேன். முப்பது விநாடிக்கு வலது பாதம் தரையில் படுவதை மட்டும் எண்ணி, வந்த எண்ணை நான்கால் பெருக்கினால் போதும். எனக்கு 39 வந்தது, நான்கு மடங்கு 156. கடிகாரம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. (சில கருவிகள் ஒரு காலை மட்டும் கணக்கிட்டு 78 என்று காட்டும். அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் பதற வேண்டாம், இரட்டித்துக்கொள்ளுங்கள்.)

இதற்கு முன் ஒருமுறை இதே முயற்சியைத் தவறாகச் செய்து அடிபட்டவன் நான். ஒரு பயிற்சிக் குழுவில், உயரம், வயது, வேகம் எதையும் பாராமல் எல்லோருக்கும் 180 என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் நிமிடத்துக்கு 180 அல்லது அதற்கு மேல் வைத்தார்கள். அவர்கள் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள், எண்ணப்பட்டதும் அவர்கள் போட்டியில் ஓடிய வேகத்தில்தான். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்து ஓடுகிற என்னைப் போன்ற ஒருவர், காலை உணவுக்கு முன் செய்யும் எளிய ஓட்டத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை. நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாளே 156-இலிருந்து 180-க்குத் தாவினேன். இரண்டாம் வாரம் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, படி இறங்கவே கைப்பிடியைத் தேட வேண்டியதாயிற்று. மூன்று வாரம் ஓட்டமே இல்லை.

எனவே இந்த முறை கருவி வாங்குவதற்கு முன்பே எண்ணைத் தீர்மானித்துக்கொண்டேன். 2011-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷைட்டும் உடனிருந்தவர்களும் 45 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவைத்து, வேகத்தை மாற்றாமல் அடி எண்ணிக்கையை மட்டும் 5 சதவீதமும் 10 சதவீதமும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். 5 சதவீதம் கூட்டியபோதே முட்டி வாங்கிக்கொள்ளும் சுமை தெளிவாகக் குறைந்தது. இடுப்பு மூட்டில் அந்தப் பலன் தெரிய 10 சதவீதம் தேவைப்பட்டது. முட்டிக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்றால் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது போதும், 180-ஐத் துரத்த வேண்டியதில்லை என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது. 156-க்கு 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய எட்டு அடி. கணக்குக்கு வசதியாக 165-ஐ என் எல்லையாக வைத்துக்கொண்டேன். ஏன் 165 என்பதைக் கருவியின் கணக்கு வரும் இடத்தில் சொல்கிறேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிட வேகத்தில் 156 அடி வைத்தால் ஓர் அடியின் நீளம் 92 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 165 அடி வைத்தால் 87-க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர், மூன்று விரற்கடைதான். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத அந்த மூன்று விரற்கடைதான் என் பாதம் முட்டிக்கு முன்னால் எட்டி விழுவதற்கும் அதற்கு அடியில் விழுவதற்கும் இடையே இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1982-இலேயே கேவனாவும் வில்லியம்ஸும் நடத்திய ஆய்வில், ஓட்டக்காரர்கள் தாமாகத் தேர்ந்துகொள்ளும் அடி நீளம் பெரும்பாலும் அவர்களுக்கு மிகக் குறைந்த ஆக்சிஜன் செலவாகும் நீளத்துக்கு அருகிலேயே இருக்கிறது என்று கண்டார்கள். உடம்பு தானாகக் கண்டுபிடித்த கணக்கை லேசாக நினைக்கக் கூடாது. வலியும் இல்லை, பாதமும் உடம்புக்கு அடியில்தான் விழுகிறது என்றால், கேடன்ஸ் 158 ஆக இருந்தாலும் அவர் இந்தக் கருவிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடித்தளப் பயிற்சிக் காலத்தில் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் பெயர் இந்தப் பயிற்சி முறையோடு எப்போதும் சேர்ந்தே வரும். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் வாரத்துக்கு நூறு மைல் ஓடவைத்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல்லும், 5000 மீட்டரில் மரே ஹால்பர்க்கும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பல வாரம் தூரத்தைச் சேர்ப்பதுதான் இந்தக் காலத்தின் வேலை. வேகப் பயிற்சி கிடையாது, கடிகாரத்தோடு போட்டி கிடையாது. ஆகவே கால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அவகாசம் உண்டு, கற்றது பல்லாயிரம் தடவை திரும்ப நடந்து படியவும் இடம் உண்டு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 156 கணக்கில் 46,800 அடி. அத்தனை அடியும் தவறாக விழுந்துகொண்டிருந்தால் அடித்தளம் என்று நாம் போடுவது கோணலாகத்தான் எழும். ஆனால் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. வேகம் கூடினால் கேடன்ஸ் தானே கூடும். மெல்ல ஓடும்போது அது தானே இறங்கும். மெல்லவும் ஓட வேண்டும், அடியையும் குறுக்கிக் கூட்ட வேண்டும் என்றால், பழக்கம் ஒவ்வொரு நிமிடமும் நம்மைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராக வெளியிலிருந்து ஒரு சத்தம் தேவைப்படுகிறது.

கருவியில் நான்கு பட்டன், ஒரு சிறு திரை, பக்கத்தில் வால்யூம் சக்கரம், இயர்போன் துளை, உள்ளே ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரி. வேகத்தை நிமிடத்துக்கு 30 தட்டிலிருந்து 250 தட்டு வரை ஒவ்வொன்றாக மாற்றலாம். வாங்கும்போது கடையிலேயே சோதிக்க வேண்டிய ஒன்று உண்டு. இசை மாணவர்களுக்காக, நான்கு தட்டுக்கு ஒருமுறை 'டிங்' என்று வேறு ஒலி வரும்படி கருவி அமைக்கப்பட்டிருக்கும். ஓடும்போது அது தொல்லை, ஏனென்றால் அந்த 'டிங்' விழும் காலை நாம் அறியாமலே அழுத்தி வைக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த அழுத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து எல்லாத் தட்டையும் ஒரே ஒலியாக்கும் வசதி உள்ள கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். பெயரை நான் சொல்லாததற்குக் காரணம், இதே பெட்டி வேறு வேறு பெயர் அச்சிடப்பட்டுப் பல கடைகளில் கிடைக்கிறது என்பதுதான். பெயரைவிட இந்த வசதி முக்கியம்.

முதல் நாள் நேராக 159 என்று வைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. பத்து நிமிடத்துக்குள் தலைக்குள் ஆணி அடிப்பது போல ஆகிவிட்டது. தோளும் தாடையும் இறுகின. அடுத்த நாள் பாதியாக, 80 என்று வைத்து வலது காலுக்கு மட்டும் தட்டு விழும்படி ஓடினேன். காதுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நான்கு நாளில் வலது கால் தடித்த ஒலியோடும் இடது கால் மெல்லிய ஒலியோடும் விழுவதை நானே கேட்டேன். ஏற்கெனவே வலிக்கிற காலுக்குத்தான் கூடுதல் சுமை.

விடை என் மகளின் மிருதங்கப் பாடத்திலிருந்து வந்தது. அவள் அன்று திஸ்ர நடை பயின்றுகொண்டிருந்தாள்: தகிட, தகிட, தகிட என்று தட்டுக்கு மூன்று. ஓட்டத்திலும் மூன்று அடிக்கு ஒரு தட்டு என்று வைத்தால்? மூன்று ஒற்றைப்படை எண் என்பதால், முதல் தட்டு வலது காலில் விழுந்தால் அடுத்தது இடது காலில் விழும், அதற்கடுத்தது மீண்டும் வலதில். இரு காலுக்கும் சமமாகப் பங்கு போகிறது. காதில் விழும் தட்டும் நிமிடத்துக்கு ஐம்பதுக்குச் சற்று மேல், அதாவது நிதானமான ஒரு கீர்த்தனையின் வேகத்தில் இருக்கிறது, தொந்தரவே இல்லை. இதில் இன்னொரு வசதியும் தானாக அமைந்தது. கருவியில் 52 என்றால் 156 அடி. 53 என்றால் 159. 54 என்றால் 162. 55 என்றால் 165. ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தினால் மூன்று அடி கூடுகிறது. கேடன்ஸைக் கூட்ட இதைவிடப் பொருத்தமான படி வேறு இல்லை. ஒரு படிக்கு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, உடம்பு எதிர்க்காது. 165-ஐ எல்லையாக வைத்ததற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு படியிலும் மூன்று முதல் நான்கு வாரம் தங்கினேன்.

அல்சூர் ஏரிக்கரை நடைபாதையில் காலை ஐந்தரை மணிக்குக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் அணைத்தே வைத்திருப்பேன், உடம்பு சூடாகட்டும். பிறகு பட்டையில் கை வைத்துப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற காய்ந்த மரத்துண்டின் ஒலி. முதல் இருபது தட்டுக்கு நான் காலை எதுவும் செய்யமாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் ஓடுவேன். என் அடி தட்டுக்குப் பின்தங்கி விழுவது தெரியும். அப்போது காலை வேகமாகப் போட முயன்றால் தவறாகிவிடும். முழங்கையைச் சற்று மடக்கி, கை வீச்சைக் குறுக்கினால் போதும். கையின் வீச்சு குறுகினால் காலின் வீச்சும் கூடவே குறுகும். ஏழெட்டு மூச்சுக்குள் பாதமும் தட்டும் ஒன்றாக விழத் தொடங்கும். அந்தக் கணம் காதால் மட்டுமே தெரிகிற ஒன்று. தட்டும் பாதமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது நின்று, பெட்டி அணைந்துவிட்டதோ என்று நினைக்கும்படி 'டிக்' ஒலி பாத ஒலிக்குள் மறைந்துவிடும். மறைந்திருக்கும் வரை நான் சரியாக ஓடுகிறேன். மீண்டும் 'டிக்' தனியாகக் கேட்டால் நான் விலகிவிட்டேன் என்று பொருள். கண்ணால் எதையும் பார்க்க வேண்டியதில்லை, மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே 850 ரூபாயை நான் மறுபடியும் கொடுப்பேன்.

ஆனால் முழு நேரமும் ஒலிக்கவிடக் கூடாது. ஐந்து நிமிடம் தட்டு, ஐந்து நிமிடம் மௌனம் என்று மாற்றி மாற்றி நான்கு முறை செய்தேன். மௌனமான ஐந்து நிமிடத்தின் முடிவில் வலது பாதத்தை எண்ணிப் பார்த்தால், கற்றது காலில் தங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் வாரங்களில் மௌனத்தில் இரண்டே நிமிடத்தில் 157-க்கு இறங்கிவிடுவேன். ஐந்தாம் வாரத்தில்தான் 159 தானாக நின்றது. அல்சூரிலிருந்து மேலே ஏறும் சாலைகளில் கருவியைப் பயன்படுத்தவே இல்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அடி எண்ணிக்கை தரைக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும்.

நாடித் துடிப்பைப் பற்றி விற்பவர் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். புதிய கேடன்ஸ் முதலில் செலவு வைக்கும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய என் எல்லை 142. முதல் இரண்டு வாரம் 159 அடியில், அதே ஏழு நிமிட வேகத்தில், நாடி 146, 147 என்று போய் நின்றது. இங்கே அடித்தளப் பயிற்சியின் ஒழுக்கத்தைக் காக்க வேண்டுமானால் விட்டுக்கொடுக்க வேண்டியது வேகத்தைத்தான். நான் 7:20-க்கு இறங்கினேன், தேவைப்பட்ட நாளில் ஒரு நிமிடம் நடந்தேன். மூன்றாம் வாரக் கடைசியில் நாடி பழையபடி 142-க்குள் வந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் இந்தக் கதை சிறிய அளவில் திரும்ப நடந்தது. பெங்களூரின் தட்பவெப்பம் இந்தக் கணக்குக்கு உதவியது என்று நினைக்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே விடியற்காலை இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும். சென்னையில் இதே மாதங்களில் ஓடியிருந்தால் நாடி ஏறியது அடியாலா, புழுக்கத்தாலா என்று பிரித்தறிய முடிந்திருக்காது.

வாகனங்கள் அனுமதிக்கப்படாத ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் நீண்ட ஓட்டம். கடைசி வாரம் அங்கே பதினெட்டு கிலோமீட்டர் ஓடினேன், கருவி வீட்டிலேயே இருந்தது. சராசரி கேடன்ஸ் 163. வேகம் ஏழு நிமிடம், நாடி 139. முட்டியில் வலி இல்லை. நாடி குறைந்ததற்கு மெட்ரோனோம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பன்னிரண்டு வார எளிய ஓட்டம் யாருக்கும் அதைத் தரும். வலி இல்லாததற்கு அடி குறுகியதே முதன்மையான காரணம் என்று நம்புகிறேன், ஏனென்றால் அதே நண்பர் மீண்டும் எடுத்த காணொளியில் பாதம் முட்டிக்கு நேர் கீழே விழுகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்தின் முடிவில் இருபது விநாடி விரைவோட்டம் ஆறு முறை செய்ததும் உதவியது. அந்த இருபது விநாடியில் கேடன்ஸ் யாரும் சொல்லாமலே 180-க்குப் பக்கத்தில் போகும், காலுக்கு அந்த விரைவு மறக்காமல் இருக்கும்.

இனி குறைகள். கிளிப் பலவீனமானது. நான்காம் வாரம் பெட்டி பட்டையிலிருந்து கழன்று ஏரிக்கரை வேலிக்குள் விழுந்தது. அதன்பின் ஒரு ரப்பர் வளையம் சுற்றித்தான் மாட்டுகிறேன். வியர்வைக்கும் மழைக்கும் காப்பு எதுவும் இல்லை. ஜூலையில் தூறலில் நனைந்த அன்று திரை மங்கி, பட்டன் அழுத்தினால் எண் தானாக ஓடியது. பேட்டரியைக் கழற்றி, ஓர் இரவு அரிசிக்குள் வைத்து எடுத்த பிறகு சரியானது. இப்போது ஒரு சின்ன ஜிப் உறைக்குள் போட்டே எடுத்துப்போகிறேன், ஒலி சற்று மங்கினாலும் கேட்கிறது. பேட்டரி மூடிக்குத் திருகு இல்லை. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கவனம் தேவை, பொத்தான் பேட்டரியை விழுங்குவது உயிருக்கே ஆபத்து. பேட்டரி எனக்கு ஒன்பது வாரம் வந்தது. கடைசி குறை, கடைசியாக அழுத்திய எண்ணைக் கருவி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் 120-இல் தொடங்குகிறது. அதிலிருந்து 54-க்கு இறக்க இருட்டில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிட மௌனத்துக்கு அணைப்பதற்குப் பதிலாக வால்யூமை முழுக்கக் குறைத்துவிடுவது இதற்கு நான் கண்ட வழி.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையை ஒட்டிய பக்கத்தில், ஆறு மணிக்கு மேல் பேருந்துகள் ஓடத் தொடங்கினால் முழு ஒலியிலும் கேட்காது. இயர்போன் போட்டால் கேட்கும், ஆனால் பெங்களூர்ச் சாலையில் காதை அடைத்துக்கொண்டு ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அமைதியான இடத்தில் நிலைமை தலைகீழ். கப்பன் பூங்கா மூங்கில் நிழலில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் "என்னப்பா, குண்டு கிண்டு வெச்சிருக்கியா?" என்று தமிழிலேயே கேட்டார். நின்று விளக்கிச் சொன்னேன். அது முதல் அந்தப் பக்கம் போகும்போது வால்யூமைக் குறைத்துவிடுகிறேன். காலையில் பூங்காவுக்கு அமைதியைத் தேடி வருகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கைபேசிச் செயலியோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்கள் அதிகம். இலவசமாக நிறையக் கிடைக்கின்றன, மூன்று அடிக்கு ஒரு தட்டு கணக்கு அவற்றிலும் செல்லும். கைபேசியை எப்படியும் சுமந்துகொண்டு ஓடுகிறவர் முதல் இரண்டு வாரம் அதிலேயே முயன்று, இந்த முறை தமக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். நான் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடுகிறவன். விலை கூடிய ஓட்டக் கடிகாரங்களில் மணிக்கட்டில் அதிரும் மெட்ரோனோம் இருக்கிறது. ஏற்கெனவே அது உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. அதிர்வு யாரையும் தொந்தரவு செய்யாது என்பது நல்லது, என்றாலும் பாத ஒலிக்குள் தட்டு மறையும் அந்த அடையாளம் அதிர்வில் எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டு போட்டுக்கொண்டு அதன் வேகத்துக்கு ஓடுவதையும் முயன்று பார்த்தேன். நல்ல பாட்டு நாடியையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. எளிய ஓட்டத்தின் நோக்கமே அங்கே கெட்டுவிடுகிறது.

யாருக்கு இதை வாங்கச் சொல்வேன்? மெல்ல ஓடும்போது பாதம் முன்னால் எட்டி விழுகிறது என்று காணொளியில் கண்டவருக்கு, முட்டி வலி வந்து போகிறவருக்கு, குறைந்தது பத்து வாரமாவது வேகப் போட்டி எதுவும் இல்லாத ஒருவருக்கு. போட்டிக்கு மூன்று வாரமே இருக்கும்போது யாரும் இதைத் தொட வேண்டாம். குதிகால் தசைநாரிலோ கெண்டைக்காலிலோ ஏற்கெனவே வலி உள்ளவர் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், குறுகிய அடி முட்டியின் சுமையைக் குறைக்கும்போது கணுக்கால் பக்கத்து வேலையைக் கூட்டக்கூடும். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் பக்கத்தில் ஓடும் குள்ளமான நண்பரின் எண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். 2016-இல் நடந்த 100 கிலோமீட்டர் உலகப் போட்டியில் முன்னணியில் முடித்தவர்களின் கேடன்ஸை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, ஒருவர் 155 அடியும் இன்னொருவர் 203 அடியும் வைத்து ஓடியிருந்தார்கள்.

செப்டம்பர் முதல் வேகப் பயிற்சி தொடங்கிவிட்டது, பெட்டிக்கு இனி வாரத்தில் ஒரு நாள்தான் வேலை. மற்ற நாட்களில் மகள் எடுத்துக்கொள்கிறாள். நான் 55-இல் விட்டுப்போன பெட்டி எழுப்பும்போது 120-க்குப் போய்விடுகிறது என்று அவளும் குறை சொல்கிறாள். ரப்பர் வளையத்தை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.